ரெண்டு சீட்டு வண்டி

எங்கள் ஊரில் கார் வைத்திருந்தவர்கள் எல்லோரும் பின்சீட்டில்தான் உட்காருவார்கள். முன்னால் டிரைவர், பின்னால் முதலாளி, அதுதான் முறை. அந்த முறையை உடைத்தவர் டைப்ரைட்டிங் சுந்தரபாய் டீச்சர். அவர் வாங்க நினைத்த காருக்குப் பின்சீட்டே கிடையாது. சங்கரன்கோவில்காரன் என்று சொல்லிக்கொண்டு நான் நெஞ்சை நிமிர்த்துவதற்குச் சில காரணங்கள் உண்டு. அதில் இந்த அம்மாளும் ஒன்று. வெளியூர்க்காரன் எவனாவது எங்கள் ஊரை இளக்காரமாகப் பேசினால் முதலில் இந்தக் கதையைத்தான் எடுத்துவிடுவேன்.

நான் அப்போது தபால் ஆபீசில் கிளார்க். எதிர்மாடியில் டீச்சரின் இன்ஸ்டிடியூட். காலையில் நான் ஸ்டாம்பு டப்பாவைத் திறக்கும் முன்பே அங்கே டகடகவென்று சத்தம் ஆரம்பித்துவிடும். தாலுகா ஆபீசில் இருந்த பாதிப்பேர் அவரிடம் விரல் பழகியவர்கள். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே கீழே ராஜபாளையம் பஸ் போனால் டீச்சரின் காது அதன் பின்னாலேயே போகும். ஜன்னல் பக்கம் திரும்பாமலே, "கியர மாத்தாம இழுக்கான் பாரு, வண்டி அழுவுது" என்பார். உடனே, "ஏட்டி, உன்ன யாரு நிறுத்தச் சொன்னா? அடி" என்று பாடத்துக்குத் திரும்பிவிடுவார்.

இந்தக் கிறுக்கு அவருக்கு அப்பா வழியில் வந்தது. அப்பா தேவசகாயம், மலைக்கு அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். மற்ற அப்பாக்கள் மகளுக்கு ஊசி நூல் வாங்கிக் கொடுக்க, பள்ளிக்கூட லீவுக்கு மலைக்குப் போகும் தன் மகளுக்கு இவர் ஜீப் ஸ்டியரிங்கைக் கொடுத்தார். பிற்பாடு லைசென்சு வாங்க டீச்சர் திருநெல்வேலிக்குப் போனபோது, டெஸ்ட் எடுக்க வந்தவர் டிரைவர் எங்கே என்று சுற்றுமுற்றும் தேடினாராம். அதைச் சொல்லும்போதெல்லாம் டீச்சர் வாய்விட்டுச் சிரிப்பார். லைசென்சு இருந்தது, வண்டிதான் இல்லை. கணவர் பிரபுதாஸ், ஹைஸ்கூல் சயின்ஸ் வாத்தியார், மனுஷர் சைக்கிளையே உருட்டிக்கொண்டு போகிற ஜாதி.

தோட்டத்தில் மேனேஜராக இருந்த வெள்ளைக்காரன் ஊருக்குப் போகும்போது தன் காரை அங்கே கணக்கராக இருந்த எங்கள் ஊர்க்காரருக்கு விற்றுவிட்டுப் போனான். டிரையம்ப் என்கிற லண்டன் வண்டி. சிவப்பு. கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். கதவு இடுப்புக்குக் கீழே இருக்கும். இரண்டே பேர் உட்காரலாம். சின்னப் பெண்ணாக மலைப்பாதை ஓரத்தில் நின்று டீச்சர் பார்த்துப் பார்த்து ஏங்கிய வண்டி அதுதான். கணக்கர் ரிட்டையராகி அதை இங்கே கொண்டுவந்தார். கொஞ்ச வருஷம் ஓட்டினார், பிறகு வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் நிறுத்தினார், பிறகு காலமாகிவிட்டார். எழுபத்தெட்டில் அவர் மனைவி ஞானபாய் அம்மா தனியாக இருந்தார். பிள்ளைகள் இல்லை.

டீச்சர் போய் விலைக்குக் கேட்டார். பலிக்கவில்லை.

"விக்க மாட்டேன் மக்கா. கோயிலுக்குன்னு அவரு நேர்ந்துட்டாரு. இந்த வருசம் பண்டிகையில குடுத்துருவேன். வேணும்னா ஏலத்துல எடுத்துக்கோ" என்றார் ஞானபாய் அம்மா.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நான் கோமதியம்மன் கோயில் பக்கத்துக்காரன். ஆனாலும் கிறிஸ்தவர்களின் அறுப்பின் பண்டிகைக்கு ஒரு வருஷம்கூடத் தப்பியதில்லை. சபையார் வயலில் விளைந்தது, வீட்டில் வளர்ந்தது எல்லாவற்றையும் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். சாயங்காலம் அவர்கள் கோயில், அதாவது சர்ச் வளாகத்தில் ஏலம். ஒரு எலுமிச்சம்பழம் ஒரு மூட்டை நெல் விலைக்குப் போகும். அதிலும் பெரிய கெத்து என்னவென்றால், எடுத்த பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே திருப்பிக் கொடுப்பது. பணத்தையும் கட்டிவிட்டுப் பொருளையும் கொடுத்தால் அதை மறுபடி ஏலம் விடுவார்கள். ஒரே எலுமிச்சை ஒரே சாயங்காலத்தில் பல கை மாறும். இதில் ரைஸ் மில் தேவதாசனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எடுப்பார், வலது கையைத் தூக்கி "கர்த்தருக்கே!" என்பார், கூட்டம் கை தட்டும். அந்தக் கைதட்டலில்தான் அவர் அடுத்த பண்டிகை வரைக்கும் உயிர் வாழ்ந்தார் என்பது என் அபிப்பிராயம்.

ஏலத்தில் எடுப்பதற்கு முன்னால் வண்டி எடுக்க லாயக்கா என்று பார்க்க வேண்டும் அல்லவா? டீச்சர், மெக்கானிக் ரசூல் பாயைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். நானும் போனேன். எனக்குச் சம்பந்தமில்லாத காரியத்துக்கு முதல் ஆளாகப் போவது என் சுபாவம். பிரபுதாஸ் சாரும் வந்தார், வாசலோடு நின்றுகொண்டார்.

தார்ப்பாயை இழுத்ததும் புழுதி பறந்தது. ஒரு சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. சிவப்பு வெளுத்துப்போய்ச் செங்கல் நிறமாகியிருந்தது. டீச்சர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் குனிந்து, டார்ச் அடித்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். அங்கங்கே சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். கதவைத் திறந்து திறந்து மூடினார்.

"சட்டம் நல்லா இருக்கு பாய். தளந்தான் ரெண்டு எடத்துல துருப்பிடிச்சிருக்கு."

"தளத்தத் தகடு வச்சு ஒட்டிரலாம் டீச்சர். சாமானுக்கு எங்க போவ? லண்டனுக்கா போவ?" என்றார் ரசூல் பாய். "பாக்க லெச்சணமா இருக்குன்னு வாங்கிட்டு, ஒரு பிஸ்டன் போச்சுன்னா கோழிக்குத்தான் குடுக்கணும். நம்ம ஊருக்கு ஒரு அம்பாசடர் வாங்குங்க. நாலு பேரு போலாம்."

வாசலில் இருந்து சார் குரல் கொடுத்தார். "அதத்தான நானும் சொல்லுதேன். புதுசா மூணு மெஷின் வாங்கணும்னு சேத்த பணம். அத ரெண்டு சீட்டு வண்டியில போடுவாளா?"

சார் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்ஸ்டிடியூட்டில் பிள்ளைகள் மெஷினுக்குக் காத்துக் கிடந்தார்கள். டீச்சர் எஞ்சின் மூடியைத் தூக்கினார். ரசூல் பாய் வேண்டாவெறுப்பாகத் தலையை உள்ளே விட்டார். விட்ட தலை வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகமெல்லாம் பல்.

"அல்லாவே! டீச்சர், இது நம்ம பெர்குசன் டிராக்டருக்குத் தம்பிலா! வாசுதேவநல்லூர் வயக்காட்டுல கிடக்குதே பழைய பெர்குசன், அதே பிளாக்கு, அதே வாட்டம். கூடப் பொறந்ததுக! இதுக்குச் சாமான் நான் தாரேன். எத்தன வேணும்?"

டீச்சர் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே அவர் பாதி முடிவுக்கு வந்துவிட்டார் என்று நினைக்கிறேன். ஞானபாய் அம்மாவிடம் கேட்டுவிட்டு, ரசூல் பாய் கார்புரேட்டரைக் கழுவி, பாட்டரி மாட்டி, இரண்டு நாள் மெனக்கெட்டார். மூன்றாம் நாள் வண்டி இருமி இருமி, திடீரென்று அடித்தொண்டையில் பேச ஆரம்பித்தது. கோழி கூரைக்குத் தாவியது. டீச்சர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது, மறைக்கவும் இல்லை.

"நல்லா யோசிச்சுட்டேன்" என்றார் கணவரிடம். "மெஷின் அடுத்த வருசம் வாங்கலாம், அதுக்கு அடுத்த வருசமும் வாங்கலாம். இது ஒரு தடவதான் வரும். இத்தன வருசத்துல எனக்குன்னு நான் ஒண்ணும் கேட்டதில்ல. இது எனக்கு வேணும்."

"உன் சம்பாத்தியம், நீ வாங்கு. நான் வேண்டாம்னு சொல்லல" என்றார் சார். "ஆனா நான் அதுல ஏற மாட்டேன். பொண்டாட்டி ஓட்ட, புருசன் பக்கத்துல உக்காந்து போனா ஊரு என்ன சொல்லும்?"

டீச்சர் முகம் வாடிவிட்டது. இரண்டு சீட்டில் ஒன்று காலி என்று அப்போதே முடிவானது மாதிரி இருந்தது.

பண்டிகையன்று வளாகம் நிரம்பி வழிந்தது. கரிவலம்வந்தநல்லூரில் இருந்தெல்லாம் காரைப் பார்க்க ஆள் வந்திருந்தார்கள். பூசணிக்காய், வாழைத்தார், சேவல் எல்லாவற்றுக்கும் நடுவில் டிரையம்ப் கழுவித் துடைத்து நின்றது. ஏலம் விடுகிறவர் சபை ஊழியரான உபதேசியார். குரல் புளியங்குடி வரைக்கும் கேட்கும். தேவதாசன் அன்று நல்ல உற்சாகத்தில் இருந்தார். எலுமிச்சையை எடுத்தார், "கர்த்தருக்கே!" பப்பாளியை எடுத்தார், "கர்த்தருக்கே!" கை மேலே போவதும் கூட்டம் தட்டுவதுமாக இருந்தது. பிரபுதாஸ் சார் தன் பங்குக்கு ஒரு பூசணிக்காயை எடுத்துத் தூக்க முடியாமல் வைத்துக்கொண்டு நின்றார்.

கடைசியாகக் கார். டீச்சர் கைப்பையில் இருந்தது எட்டாயிரம். அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. எட்டு வரைக்கும் ஏலம் கேட்டுக்கொண்டே போனார். தேவதாசன் தன் மகன் கல்யாண ஊர்வலத்துக்கு அந்தக் காரை மனதில் குறித்து வைத்திருந்தார். "ஒம்போது!" என்றார்.

டீச்சர் கைப்பையை மூடிக்கொண்டார்.

"ஒம்போதாயிரம் ஒருதரம்... ரெண்டுதரம்... மூணுதரம்!" என்று உபதேசியார் மணியை அடித்தார். கூட்டம் அதுவரை தட்டாத தட்டுத் தட்டியது. அந்தச் சத்தத்தில் தேவதாசனின் வலது கை, அதுபாட்டுக்கு, மேலே போனது.

"கர்த்தருக்கே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. தூக்கிய கை இறங்கவில்லை. வாய் மூடவில்லை. ஜனங்கள் எழுந்து நின்று தட்டுகிறார்கள். ஐயர், அதாவது அவர்கள் குருவானவர், கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்கிறார். இத்தனை பேருக்கு முன்னால் சாமிக்குக் கொடுத்ததை யார் திருப்பிக் கேட்பது?

"அண்ணாச்சி காணிக்க! வண்டி மறுபடியும் ஏலத்துக்கு!" என்றார் உபதேசியார்.

தேவதாசன் மறுபடி வாயைத் திறக்கப் பார்த்தார். பக்கத்தில் அவர் மனைவி ஏசுவடியாள் இருந்தார். "இன்னொரு தடவ சத்தம் குடுத்தீய, மில்லுலயே படுத்துக்கிட வேண்டியதுதான்" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது.

வேறு போட்டி இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நான் டீச்சர் பக்கம் நகர்ந்து, "ரெண்டுல ஆரம்பிங்க, மூணுல முடிஞ்சிரும்" என்று கிசுகிசுத்தேன். தபால் ஆபீஸ் புத்தி. டீச்சர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எட்டாயிரம்" என்றார் உரக்க. "நான் இதுக்குன்னு கொண்டு வந்தது அதுதான்."

உபதேசியார் மூன்று தரம் சொல்லி மணியடித்தார். பணத்தை எண்ணி மேஜை மேல் வைத்த டீச்சர், சாவிக்குக் கையை நீட்டினார். உபதேசியார் சாவியைக் கொடுக்காமல், வழக்கப்படி, சிரித்த முகமாகக் கேட்டார்.

"டீச்சரம்மா, மறுபடியும் வச்சிரலாமா?"

அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். எட்டாயிரம் கொடுத்த கை வண்டியையும் கொடுக்கும் என்று அவர்கள் எதிர்பார்த்ததில் தப்பில்லை. அதுதான் அந்த இடத்தின் பழக்கம். தேவதாசனுக்கு உயிர் திரும்பியது.

"குடுங்கம்மா! கர்த்தருக்குக் குடுத்தா நூறத்தனையா வரும்" என்றார்.

கூட்டத்துக்குப் பயந்தே நல்லவர்களாகிப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். டீச்சர் நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"கர்த்தருக்குக் குடுத்தாச்சு அண்ணாச்சி. ஒரு ரூவா கொறைக்காமக் குடுத்தாச்சு. வண்டி எனக்கு. நான் ஓட்டத்தான் வாங்கினேன்."

கைதட்டல் வரவில்லை. ஒரு வாழைத்தாரைக்கூட அந்த வளாகத்தில் யாரும் இப்படி 'எனக்கு' என்று சொல்லி நான் கேட்டதில்லை. முன்வரிசையில் இருந்த ஞானபாய் அம்மா எழுந்தார். உபதேசியார் கையில் இருந்த சாவியை வாங்கி, டீச்சர் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

டீச்சர் போய் வண்டியில் உட்கார்ந்தார். முதல் திருப்பிலேயே எஞ்சின் உறுமியது. ரசூல் பாய் மதில் ஓரத்தில் நின்று, தானே பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. டீச்சர் உடனே கிளம்பவில்லை. காலியாக இருந்த பக்கத்துச் சீட்டை ஒரு தரம் பார்த்தார்.

அப்போதுதான் பிரபுதாஸ் சார் அத்தனை பேர் நடுவிலும் பூசணிக்காயை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்து வந்தார். காது மடலெல்லாம் சிவந்திருந்தது. ஒருத்தன் கனைத்தான். எவனோ சிரித்தான். சார் யாரையும் பார்க்கவில்லை. கதவைத் திறந்து, ஏறி, பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு, சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார்.

"எடு, போலாம்" என்றார்.