கல்லுக்கு முட்டுக் கொடுத்தவர்கள்

ஹுஸ்னியா டீச்சர் பதினெட்டு வருடமாகப் புவியியல் படிப்பிக்கிறவர். அதைவிடப் பெரிய தகுதியுடைய பதினொரு பேர் ஊர் அபிவிருத்திக் குழுவில் இருந்தார்கள். அவர்களில் நான்கு பேருக்குச் சொந்தமாக உழவு மெஷின் இருந்தது.

இறக்காமத்துப் பக்கம், அவர்களுடைய வயல்களுக்கு நடுவே ஒரு மலைப்பாறை. அதன் மேல் பஸ் அளவில் ஓர் உருண்டைக் கல், தொழுகைப் பாய் விரிக்கிற அளவு இடத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நின்றது. கல்முனையிலிருந்து ஆட்கள் வந்து படம் பிடிக்கத் தொடங்கியதும், பிறந்ததிலிருந்து அதைப் பார்த்துவந்த குழுத் தலைவர் மீராமுகைதீனுக்குத் திடீரென்று பயம் வந்தது. கொங்கிறீட் தூண் ஒன்றால் கல்லுக்கு முட்டுக்கொடுக்க வேண்டும் என்று கூட்டம் கூட்டினார்.

டீச்சர் எழும்பி, தலைவரை அண்ணன் முறை வைத்து அழைத்துச் சொன்னார்.

"காக்கா, அத ஆரும் தூக்கி வைக்கல்ல. எல்லாம் ஒரே பாறையா மண்ணுக்குள்ள கிடந்தது. வெடிப்புக்குள்ளால தண்ணி இறங்கி, மூலையெல்லாம் உக்கி உதிர்ந்து உருண்டையாப் போச்சு. பொறகு மழை உக்கினத கழுவிக்கொண்டு போக, உக்காத கல்லு நிண்ட இடத்திலேயே மிஞ்சிட்டு."

"எத்தின வருசம் எடுத்திருக்கும்?" என்று கேட்டார் தலைவர்.

"லட்சக்கணக்கில இருக்கும்."

"அப்ப பழசு. பழசெண்டா விழும்தானே!"

சபை தலையாட்டியது. டீச்சர் முகம் சிவந்து உட்கார்ந்தார்.

தூண் வேலை தலைவரின் மச்சான் அர்ஹமுக்குப் போனது. அவர் கட்டிய மதகு ஒரு மாரி முழுவதும் நின்றதாக ஊரில் பெயர் இருந்தது. பாறைச் சரிவில் இறுகிக் கிடந்த மண்ணைத் தோண்டி அத்திவாரம் போட்டார். பச்சைப் பெயின்ற் அடித்து, பதினொரு பெயரையும் பளிங்கில் பொறித்தார். தூணுக்கும் கல்லுக்கும் இடையில் ஒரு சாண் வெளி இருந்தது. கேட்டதற்கு, "கல்லு இறங்கினாப் பிடிக்கும்" என்றார்.

மார்கழியில் மூன்று நாள் விடாத மழை. பாறையில் வழிந்த தண்ணீர், கிளறிவிட்ட மண்ணை அள்ளிக்கொண்டு வயலுக்குள் இறங்கியது. நாலாம் நாள் காலை குழு போய்ப் பார்த்தது. கல் அசையவில்லை. தூண்தான் சரிந்து, கல்லின் மேல் சாய்ந்து நின்றது.

பத்தாம் வகுப்பு மாணவிகளை மண்ணரிப்புக் காட்டக் கூட்டிவந்திருந்த டீச்சரிடம் தலைவர் தணிந்த குரலில் கேட்டார்:

"டீச்சர், தூணைக் கல்லு தாங்குமா?"

"ஓம் காக்கா, நல்லாத் தாங்கும்."

கூட்டத்தில் பட்ட வெட்கமெல்லாம் அந்த ஒரு பதிலோடு இறங்கிப் போனது. மாணவிகள் சிரித்தபோது அடக்கவேண்டிய டீச்சர், முதல் ஆளாகச் சிரித்துவிட்டார்.