மருந்துக் கவர்

ஊரடங்கிலும் டயாலிசிஸுக்குப் போகிறவர்களைப் போலீஸ் தடுக்கவில்லை. அப்படி ஒருநாள் என் மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வரும் வழியில், எங்கள் மின்சாரக் காரில் சார்ஜ் தீரப்போகிறது என்று கழக்கூட்டத்துச் சார்ஜிங் ஸ்டேஷனுக்குள் திரும்பினேன். அங்கிருந்த ஒரே மெஷினில் ஒரு வெள்ளைக் கார் ஏற்கெனவே செருகப்பட்டிருந்தது.

அதன் சொந்தக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். இஸ்திரி கலையாத சட்டை. முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, மெஷினைக் கட்டிப்பிடிக்காத குறையாக செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். அவர் காரில் சார்ஜ் அநேகமாக முழுதாகவே இருந்தது.

"சார், கொஞ்சம் மாத்திக்கலாமா? வண்டியில பேஷன்ட் உண்டு."

"ரெண்டு மினிட் சேட்டா. ஜில்லாவுல உள்ள எல்லா சார்ஜிங் ஸ்டேஷனுக்கும் போய் படம் போடுற போட்டி. இந்த ஸ்டேஷனும் ஆப்ல ஏறணும். இனி கொஞ்சம்தான் பாக்கி. எங்க குரூப்புல நான்தான் முன்னால."

அவருடைய முன்கண்ணாடியோரம், வெளியே தெரியும்படி ஒரு மருந்துக் கவர் கிடந்தது. வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டேன்.

"ஐயோ, யாருக்குமில்ல. அது போலீஸ் செக்கிங்ல காட்டுறதுக்கு," என்று சிரித்தார்.

படம் சரியாக விழவில்லை என்று இன்னொன்று எடுத்தார். போன் ஒருவழியாக ஒலி எழுப்பியதும் வயரைக் கழற்றினார். போகிறபோக்கில், பின்சீட்டில் சாய்ந்து கிடந்த என் மனைவியைப் பார்த்துவிட்டு முகக்கவசத்தை மேலே ஏற்றிக்கொண்டார்.

"இந்த சமயத்துல சேச்சியை வெளிய கூட்டிட்டு வரக்கூடாது, கேட்டீங்களா," என்றார்.

குரலில் உண்மையான கவலை இருந்தது. அது நடிப்பாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு குமட்டியிருக்காது.