சுனந்தாவின் முட்டிக்கு ஒரு மனு

"வெறும் ‘கஷ்டம்’னு போட்டா யாரு பாப்பாங்க? ‘சொல்லொணாத் துயரம்’னு போடறேன்" என்று தலை நிமிராமல் எழுதிக்கொண்டே போகிறார் நேமிநாதன். எதிரே நிற்கும் அம்மாள் பயபக்தியோடு தலையாட்டுகிறாள்.

வேங்கிக்கால் கலெக்டர் அலுவலக வாசலில், திங்கட்கிழமைகளில், அவருடைய மடக்கு மேஜைக்கு முன்னால்தான் கூட்டம். வயது அறுபத்தேழு. முப்பது வருடமாக மனு எழுதுகிறார். இரண்டு நாள் தண்ணீர் வராத தெரு அவர் பேனாவில் இரண்டு வாரம் தவிக்கும். நோய் என்றால் கேட்கவே வேண்டாம். வியாதி எவ்வளவு ஜாஸ்தியோ மனுவுக்கு அவ்வளவு பலம் என்பது அவர் நம்பிக்கை.

பொழுது சாய்வதற்குள் மேஜையை மடக்கிவிடுவார். இருட்டியபின் சாப்பிடாத சமணக் குடும்பம். வீட்டுக்கு வந்தால் கதவைத் தட்டமாட்டார். தன் சாவியால் திறந்துகொள்வார். தட்டினால் மனைவி சுனந்தா எழுந்து வரவேண்டுமே!

சுனந்தாவுக்குச் சர்க்கரை வியாதி; போதாததற்கு வலது முட்டியும் தேய்ந்துவிட்டது. அவளுக்கு இருப்பது ஒரே ஆசை: போளூர்ப் பக்கத்துத் திருமலையில் இன்னொரு தடவை படியேறி, பாறையில் நிற்கும் தீர்த்தங்கரர் நேமிநாதரைக் கும்பிடவேண்டும். கல்யாணமான புதிதில் அங்கே மாதாமாதம் போனார்கள். புருஷன் பெயரை வாயால் சொல்லாதவள், அங்கே மட்டும் ‘நேமிநாதா’ என்று வாய்நிறையக் கூப்பிடுவாள். பக்கத்தில் நிற்கும் இவர், "ஏன், இங்கதான இருக்கேன்" என்பார். அந்தப் படியேறிப் பதினொரு வருடம் ஆகிறது.

முட்டி மாற்றக் கையிருப்பு காணாது. மாடி வாடகை வருவதால் அரசாங்கக் காப்பீட்டு அட்டையும் கிடையாது. தனியார் காப்பீடு எடுக்கலாம் என்று ஏஜெண்ட் பிரகாஷ் விண்ணப்பம் கொண்டுவந்தான். ‘ஏற்கெனவே உள்ள நோய்கள்’ என்ற கட்டத்தைப் பார்த்ததும் நேமிநாதனின் கை பரபரத்தது. இடம் போதவில்லை. தனித்தாளில் ஒன்றரைப் பக்கம் எழுதி இணைத்து, யாரிடமும் காட்டாமல் தானே தபாலில் சேர்த்துவிட்டு வந்தார்.

பத்தாம் நாள் பிரகாஷ் அந்தத் தாளின் நகலோடு வந்து நின்றான்.

"இன்னா சார் இது? கலெக்டர் மனுவா? அங்க நோயைக் காட்டினா இரக்கப்படுவாங்க. இங்க காட்டினா பில்லு ஏத்துவாங்க."

வருடத்துக்கு நாற்பத்தொன்பதாயிரம் என்றிருந்த பிரீமியம் அறுபத்தோராயிரம் ஆகியிருந்தது. முட்டிக்கும் சர்க்கரைக்கும் மூன்று வருடம் கழித்துத்தான் பணம். அப்போதும் ஆஸ்பத்திரிச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு இவர்கள் கையிலிருந்து.

"வேற கம்பெனில போடலாம் சார். முட்டி, சர்க்கரை ரெண்டையும் எழுதாம விட்டுருவோம். பணம் கம்மி. எல்லாருக்கும் உள்ள ரெண்டு வருஷக் கெடு முடிஞ்சதும் ஆபரேஷன்."

"கண்டுபுடிச்சுட்டா?"

"கட்டினதும் போச்சு, வரவேண்டியதும் போச்சு. ஆனா எல்லாரும் கண்டுபுடிக்கறதில்ல."

நேமிநாதன் மனசுக்குள் கணக்குப் போட்டார். ஒரு வருடம் முன்னதாகவே அவள் படியேறிவிடலாம். அவரிடம் பேனா இருக்கிறது. ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டால் போதும். ஊருக்கெல்லாம் கூட்டி எழுதிய கைக்கு இவளுக்காக ஒரு வரியைக் குறைப்பது பெரிய காரியமா?

இதற்குள் சுனந்தா அந்த நகலை வாங்கி, கண்ணாடி மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்திருந்தாள். அதில் அலங்காரமாக ஒரு வார்த்தை இல்லை. ‘காலையில் சுவரைப் பிடித்து எழுகிறாள். நான் விழித்திருப்பது தெரிந்தால் பிடிக்காமல் எழப்பார்க்கிறாள். வலி வரும்போது பேச்சு நின்றுவிடும். என்னம்மா என்று கேட்டால், உப்பு சரியா இருக்கா என்று கேட்பாள். பன்னிரண்டு வருடமாக இப்படி.’

"உப்பு கேட்டதக்கூட எழுதணுமா? கம்பெனிக்காரன் என்ன நெனச்சிருப்பான்?" என்றாள். "தூங்கறீங்கன்னு இல்ல நெனச்சேன்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"பிரகாஷ், இவரு எழுதினது எழுதினபடியே இருக்கட்டும்பா. மூணு வருஷம்தானே?"

"அதுக்குள்ள ஜாஸ்தியாச்சுன்னா?" என்று கேட்டவர் நேமிநாதன்தான்.

"அதையும் எழுதுங்க" என்றபடி, கூடுதல் பிரீமியத்துக்குச் சம்மதம் என்ற தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

பிரகாஷின் வண்டிச் சத்தம் செங்கம் ரோட்டுப் பக்கம் தேய்ந்து மறைந்தது. சுனந்தா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நாற்பத்திரண்டு வருடமாகப் புருஷன்மேல் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள், இரண்டு கைகளாலும் தன் வலது காலைத் தூக்கி, அவர் மடிமேல் வைத்தாள்.