அவர் வந்து இருக்கக்கூடிய வீடு

என்னுடைய அலுவலகம் யாழ்ப்பாணத்தில் ஒரு கிளை திறந்தபோது, போக விருப்பமா என்று என்னிடம் கேட்டார்கள். நான் வவுனியாவில் பிறந்தவள். மின் பொறியியல் படித்து, மென்பொருள் வேலைக்குப் போய், ஆறு வருடம் கொழும்பில் இருந்தவள். கல்யாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் வந்து அன்றைக்கே திரும்பிப் போன ஊராகத்தான் யாழ்ப்பாணத்தை எனக்குத் தெரியும். ஆனாலும் உடனே ஓம் என்றேன்.

என் கணவர் மெல்பேர்னில் இருக்கிறார். கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் நாங்கள் ஒரே வீட்டில் இருந்தது நாற்பத்தொரு நாட்கள். என்னுடைய விசா எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. அவருடையதோ எங்கிருந்தும் செய்யக்கூடிய கணினி வேலை. யாழ்ப்பாணம் என்று நான் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்தார்.

“நல்ல வீடொண்டு கிடைச்சால் நானும் வந்து ஒரு வருசம் இருந்து பாக்கலாம். நல்லதாப் பாரும், என்ன? இஞ்ச இருக்கிற மாதிரி.”

அன்று பின்னேரமே கணினியில் ஓர் அட்டவணை தொடங்கினேன். ஒரு பக்கம் தேவைகள், மறுபக்கம் நான் பார்க்கப்போகும் வீடுகள். லிப்ட், ஜெனரேற்றர், வேகமான இணையம், எல்லா அறையிலும் ஏசி, சுடுதண்ணீர், நுளம்பு வலை, வாகனம் விட இடம், உப்பில்லாத தண்ணீர், வேலை செய்யத் தனியறை. ஒன்பது வரிகள். ஒன்பதுக்கும் சரி என்று போட்டால் அவர் வருவார். எனக்குக் கணக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது.

யாழ்ப்பாணத்தில் இப்போது தொடர்மாடிகள் நிறைய எழும்பியிருக்கின்றன. பளிங்குத் தரையும் கண்ணாடிக் கதவுமாக இருக்கும். முக்கால்வாசி வீடுகளின் சொந்தக்காரர் வெளிநாட்டில். எனக்கு வீடு காட்டியவர் ஓட்டோ ஓட்டிக்கொண்டே தரகு பார்க்கும் ஓர் அண்ணை. எந்த மாடியில் எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, அதன் சாவி யாரிடம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

முதல் வீடு நல்லூருக்குக் கிட்ட. சொந்தக்கார அம்மா கனடாவிலிருந்து வீடியோவில் வந்து, தானே வீட்டைச் சுற்றிக் காட்டுவதுபோல அண்ணையின் கைபேசியை அறை அறையாக நடத்தினார்.

“மீன், மச்சம் ஒண்டும் சமைக்கக்கூடாது பிள்ளை. மற்றது, திருவிழா இருபத்தைஞ்சு நாளும் நாங்கள் வந்து நிப்பம். அந்த நாளில நீர் வேறையெங்கையும் நிக்கலாந்தானே?”

“வேறையெங்கை அம்மா?”

“ஏன், உமக்குச் சொந்தக்காரர் இல்லையே?”

அண்ணை முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தார். அன்றைக்கு என் அட்டவணையில் பத்தாவது வரி விழுந்தது: வருடம் முழுவதும் இருக்கலாம். பதினோராவதை என் கணவர் சேர்த்தார்: மீன் பொரிக்கலாம்.

இரண்டாவது வீடு குருநகர்ப் பக்கம், ஐந்தாம் மாடி. பல்கனிக் கதவைத் திறந்ததும் கடற்காற்று என் தலைமுடியைக் கலைத்துவிட்டது. கீழே வள்ளங்கள் வரிசையாகக் கிடந்தன. ஒருவர் வலையிலிருந்து எதையோ பொறுமையாகப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தார். நான் அங்கே தேவைக்கு அதிகமாக நின்றேன். பிறகு கணவரை வீடியோவில் அழைத்துக் காட்டினேன். அந்த நேரம் பார்த்துக் கோயில் மணி அடித்தது.

“உதென்ன சத்தம்?”

“பின்னேர மணி. மாதா கோயில் கிட்டத்தான்.”

“நான் மெல்பேர்ன் நேரத்துக்கு வேலை செய்யவேணுமெல்லோ. விடியப்புறம் மூண்டரைக்கு எழும்பினால் பின்னேரம் நித்திரை கொள்ளவேணும். உது சரிவராது.”

பன்னிரண்டாவது வரி: சத்தமில்லாத இடம். அந்தப் பல்கனியில் நின்றபோது எனக்குள் நடந்ததை எழுத அட்டவணையில் இடமிருக்கவில்லை. எனக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வரி கூட நான் எழுதவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். கவனித்துவிட்டு அண்ணையோடு லிப்டில் இறங்கினேன்.

அதன்பிறகு ஏழு வாரம், சனிக்கிழமைதோறும் வீடு பார்த்தேன். மற்ற நாட்களில் வேலைக்குப் பக்கத்தில் பெண்கள் தங்கும் ஒரு விடுதி அறை. ஒவ்வொரு வீடு பார்த்த பிறகும் இரண்டு வரி கூடியது. குளியலறையில் கண்ணாடித் தடுப்பு. வெயில் படாத படுக்கையறை. உயரமான சமையல் மேடை, ஏனென்றால் அவருக்கு முதுகு வலி. இருபதைத் தாண்டியபோது அண்ணை ஓட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் வீடு பாக்கிறியளோ, மாப்பிள்ளை பாக்கிறியளோ? என்ரை மகளுக்குக்கூட நான் உவ்வளவு பாக்கேல்லை.”

“மாப்பிள்ளை பாத்து முடிஞ்சுது அண்ணை. இப்ப அவரைக் கூப்பிட வீடு பாக்கிறன்.”

“வாறவர் குடிசைக்கும் வருவார்” என்றவர், என் முகத்தைக் கண்டுவிட்டு, “இல்லை, பகிடிக்குச் சொன்னனான்” என்று வண்டியை எடுத்தார்.

பத்தாவதாகப் பார்த்த வீடு மாவட்டச் செயலகமான கச்சேரிப் பக்கம், நாலாம் மாடி. பக்கத்துக் காணியில் இன்னொரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தாலும், கதவைச் சாத்தினால் ஒரு சத்தமும் இல்லை. சொந்தக்காரர் இலண்டனில், சாவியை வைத்திருந்தது அவருடைய தங்கை. அடுத்த ஒழுங்கையில் இருந்த அந்த அன்ரி, பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அளவு நாடாவோடு மேடையின் உயரத்தை அளப்பதைப் பார்த்து, “சோதினைக்கு வந்த மாதிரியெல்லோ இருக்கு” என்றார். இருபத்தாறு வரிக்கும் சரி போட்டேன். முதன்முறையாக ஒரு நிரலில் ஓட்டை இல்லை.

கணவருக்கு வீடியோவை அனுப்பிவிட்டு இரண்டு நாள் காத்திருந்தேன். “நல்லாத்தான் இருக்கு” என்று ஒரு வரி வந்தது. இருபத்தேழாவது வரி ஒன்றும் வரவில்லை. எனக்கு அது சந்தோசத்துக்குப் பதிலாகப் பயத்தைத் தந்தது. ஆனாலும் உடன்படிக்கையில் கையெழுத்து வைத்தேன்.

சாவியை அன்ரி சும்மா தரவில்லை. நாள் பார்த்தார், நேரம் பார்த்தார். பால் காய்ச்சாமல் ஒருவரும் குடிபுகக்கூடாது, வாடகை வீடென்றாலும் சரி. “அவர் வரேல்லையெண்டால் போனில எண்டாலும் நிக்கட்டும். பால் பொங்கேக்கை இரண்டு பேரும் நிக்கவேணும்.” அது எனக்கும் வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அன்ரி ஒரு புது மண்பானையோடு வந்தார். அண்ணை என் பெட்டிகளை மேலே ஏற்றியிருந்தார். கணவரை அழைத்துக் கைபேசியைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்தேன். மெல்பேர்னில் அப்போது மத்தியானம் தாண்டியிருந்தது. அலுவலகச் சட்டையோடு இருந்தார். பானைக்கு நூல் கட்டி, திருநீறு பூசி, பாலை ஊற்றி அடுப்பில் வைத்தேன். அடுப்பு மூன்று தரம் கீச்சிட்டு நின்றுவிட்டது. திரும்ப அழுத்தினேன். திரும்பக் கீச்சிட்டது.

அந்தக் கட்டடத்தில் காஸ் கிடையாது. எல்லாம் காந்தத்தால் சூடேறும் இன்டக்ஷன் அடுப்பு. இரும்புச் சட்டியை அது சூடாக்கும். மண்பானை அதற்குப் பானையாகவே தெரியாது. பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதிய விசயம். மண்பானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“நீர் இஞ்சினியர் எண்டெல்லே சொன்னவை?” என்றார் அன்ரி.

கைபேசியிலிருந்து அவர் சிரிப்பது கேட்டது.

“உங்கடை வீட்டில காய்ச்சிக்கொண்டு வருவமே அன்ரி?”

“என்ரை வீட்டில பொங்கினால் எனக்கெல்லோ பொங்கும்! நல்ல நேரம் முடிய இன்னும் இருவது நிமிசந்தான் இருக்கு.”

அண்ணை லிப்டில் இறங்கிப் போனார். திரும்பி வரும்போது பக்கத்துக் காணியில் கேட்டு வாங்கிய மூன்று செங்கல்லும் ஒரு கட்டுக் காய்ந்த தென்னம்பாளையும் அவர் கையில் இருந்தன. இலண்டன்காரரின் பளிங்குப் பல்கனியில், கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே, அடுப்பு மூட்டினோம். “இலண்டன் அண்ணைக்குச் சொல்லிப்போடாதையும்” என்று அன்ரி என் காதுக்குள் சொன்னார். புகை மாடி முழுவதும் எழுந்தது. எனக்குக் கண் எரிந்து தண்ணீர் வந்தது. நல்ல வேளை, ஒருவரும் காரணம் கேட்கவில்லை. கைபேசியைப் பல்கனிக் கதவோடு சாய்த்திருந்தேன்.

“பாளையை உள்ளுக்குத் தள்ளாதேங்கோ, காத்துப் போக வழி விடுங்கோ!” என்று அவர் அங்கிருந்து கத்தினார். “நான் நிண்டிருந்தால் இதுக்குள்ள பொங்கியிருக்கும்.”

“அப்ப வாருமன்” என்றார் அன்ரி, நெருப்பை ஊதியபடியே. “எப்ப வாறீர் தம்பி?”

ஒன்றரை வருடமாக நான் அந்தக் கேள்வியை இப்படிக் கேட்டதில்லை. வீடு, விசா, இணையம் என்று சுற்றிச் சுற்றித்தான் கேட்டிருக்கிறேன். அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்லக் குறைந்தது.

“தெரியேல்லை அன்ரி.”

பால் அப்போதுதான் பொங்கியது. கிழக்குப் பக்கமாக வழிந்து செங்கல்லில் கருகியது. “நல்லது, நல்லது” என்று அன்ரி கைகூப்பினார். எல்லோரும் ஆளுக்கு ஒரு மிடறு புகை மணக்கும் பால் குடித்தோம். அண்ணை செங்கற்களைத் தூக்கிக்கொண்டு இறங்க, அன்ரி சாவியை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களைத் தானே மூடிவிட்டுப் போனார்.

அவர் இன்னும் கைபேசியில் இருந்தார்.

“வீட்டில பிழையில்லை” என்றார். “மணியடிச்ச வீட்டிலயும் பிழையிருக்கேல்லை. பன்னிரண்டு வயசில வட்டுக்கோட்டையில இருந்து வெளிக்கிட்டனான். வந்து, எனக்குப் பிடிக்காட்டி, அதை உமக்கு என்னெண்டு சொல்லுறது எண்டுதான் பயம்.”

“அதை முதலே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னால் நீர் வீடு பாக்கிறதை விட்டிடுவீர்.”

கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அவர் என்னிடம் பயம் என்ற சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தரம். இருபத்தாறு வரிகளிலும் இல்லாத அவர் அந்த ஒரு சொல்லில் இருந்தார். அவரை அந்த நிமிடம் தொட வேண்டும் போலிருந்தது. கைபேசியின் கண்ணாடியில் விரல்களை வைத்தேன். படம் பெரிதாகி, அவருடைய நெற்றி மட்டும் தெரிந்தது.

“போனை வைக்கப்போறீரே?” என்று கேட்டார்.

“இல்லை. வீட்டைக் காட்டுறன்.”

வெறும் அறைகளுக்குள் அவரைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தேன். வீடியோவில் ஏற்கெனவே பார்த்த அறைகள்தான். ஆனாலும் முதல் தரம் பார்ப்பதுபோல ஒவ்வொன்றிலும் நிற்கச் சொன்னார். கடைசியாகச் சின்ன அறை.

“இதிலயே நான் வேலை செய்யிறது?”

“ஓம்.”

அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “மேசையை யன்னலுக்கு முன்னால போடாதையும். வெயில் முகத்தில அடிக்கும்.”

அது இன்னொரு நிபந்தனையா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. அழைப்பு முடிந்ததும் பெட்டியைத் திறந்து அளவு நாடாவை எடுத்து, யன்னலுக்கு எதிர்ச் சுவரை அளந்தேன். ஐந்தடி நாலு அங்குலம். ஒரு மேசைக்கும் ஒரு கதிரைக்கும் இடம் போதும்.