குதிரை கணிக்க நான்கு புத்தகங்களும் கொஞ்சம் சிவப்பு மையும்

பந்தயக் குதிரை ஒன்றை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஏற்காட்டில் அதற்கு எங்கே போவது? கோடை விழாவுக்கு நாய்க் கண்காட்சி வைப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று கணிக்க என்ன படிக்கலாம் என்று யாராவது கேட்டால், மூச்சு விடாமல் ஒரு மணி நேரம் பேசுவேன். யாரும் கேட்கமாட்டேன் என்கிறார்கள், அதுதான் என் பெரிய குறை. ஆகவே கேட்காமலே சொல்லிவிடுகிறேன்.

நான் காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவன். முதலாளி காலமானதும் பிள்ளைகள் பங்களாவை ரிசார்ட்காரர்களுக்கு விற்றார்கள். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எங்களைக் கூப்பிட்டார்கள். டிரைவர் பிரம்பு நாற்காலியைத் தூக்கினார். சமையல்காரர் பீங்கான் தட்டுகளைச் சுருட்டினார். நான் குதிரைப் பந்தயம் பற்றிய நான்கு ஆங்கிலப் புத்தகங்களோடு வீடு வந்தேன்.

“ஏனுங்க, அந்தச் சேர எடுத்திருக்கலாமில்லீங்க? உக்காரவாச்சும் ஆவும்” என்றாள் என் மனைவி. மிஷன் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள்.

முதல் புத்தகம் செங்கல் கனம். முழுக்க முழுக்க எடை பற்றியது. நன்றாக ஓடுகிற குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றுவார்கள், சோப்ளாங்கிக்குக் குறைப்பார்கள், அப்போதுதான் போட்டி சமமாகும் என்று விளக்கும். “எங்க பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தானுங்க” என்றாள் மனைவி, பூண்டு உரித்துக்கொண்டே. இரண்டாவது முழுக்க நேரக் கணக்கு. இத்தனை தூரத்தை இத்தனை நொடி என்று பட்டியல் பட்டியலாகப் போகும். மதியத் தூக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. மூன்றாவது, ஓடுவதற்கு முன் குதிரையைப் பார்த்தே எடைபோடுவது எப்படி என்று சொல்லும். காது எப்படி நிற்கிறது, வியர்வை எங்கே, நடையில் துள்ளல் உண்டா என்று பார்க்க வேண்டுமாம். குதிரைக்கு நான் எங்கே போவேன்? மஞ்சக்குட்டை ஊருக்குப் போகும் ஜீப் வரும் இடத்தில் நின்று ஆட்களைப் பார்த்துப் பழகினேன். யார் முதலில் சீட் பிடிப்பார் என்று நான் சொன்னால் தப்பாது. கூடைக்காரப் பெண்களை எவனும் முந்த முடியாது.

நான்காவது மெலிசான புத்தகம். ஈர மண்ணில் எந்தக் குதிரை ஓடும், எது வழுக்கும், எந்தப் பந்தயத்தைத் தொடாமல் விடவேண்டும் என்பதெல்லாம் அதில்தான். ஒன்றே ஒன்று வாங்க முடியும் என்றால் இந்த மாதிரி ஒன்றை வாங்குங்கள்.

ஆனால் என் உண்மையான குரு புத்தகங்கள் அல்ல, ஓரங்களில் சிவப்பு மையில் இருந்த குறிப்புகள்தான். இங்கே ஒரு டிக், அங்கே ஒரு பெருக்கல் குறி, சில இடங்களில் ‘தவறு’ என்று ஆங்கிலத்தில் ஒற்றை வார்த்தை. முதலாளியின் மூளையே மூளை என்று பூரித்துப்போனேன். போன மாதம் கண்ணில் படாத குறிப்பு இந்த மாதம் படும். சே, என்ன கண்ணோ, இதைக் கவனிக்காமல் விட்டேனே என்று என்னையே திட்டிக்கொள்வேன். சிவப்பு மை சொன்னபடி கணித்த நாட்களில் பெரும்பாலும் சரியாகவே வந்தது.

பத்துப் பைசா கட்டியதில்லை. எல்லாம் காகிதத்தில்தான். எனக்குக் கூட்டாளி எங்கள் கோயிலில், அதாவது சர்ச்சில், போதகருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார். சனிக்கிழமை காலையில், ஒரு பந்தயத்தின் முதல் மூன்று இடங்களுக்கு ஆளுக்கு மூன்று குதிரை எண்கள் துண்டுச் சீட்டில் எழுதி மாற்றிக்கொள்வோம். குதிரையின் பெயரை எழுதமாட்டோம், போதகர் கண்ணில் பட்டால் வம்பு. சாயங்காலம் போனில் முடிவு பார்த்து, தோற்றவர் ஜெயித்தவருக்கு ஒரு டீ வாங்கித்தர வேண்டும்.

இப்படி இருக்கையில் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மே மாதச் சனிக்கிழமை. ஊட்டியில் பந்தய சீசன். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், வீடு நிறைய குப்பனூர்ச் சொந்தம் இருக்கும்போது, காப்பி காயும் களத்தின் மூலையில் புத்தகமும் கையுமாக மனைவியிடம் மாட்டிக்கொண்டேன்.

“இங்க பாருங்க. கல்யாணத்தன்னிக்குக் குதிரைப் பேச்சு ஒண்ணு என் காதுல உழுந்துச்சு, நாலு புக்கும் வெந்நி அடுப்புக்குத்தானுங்க. சொல்லிப்புட்டேன்.”

அவள் சொன்னால் செய்வாள். அந்த நான்கும் போனால் எனக்குச் சனிக்கிழமையே கிடையாது. வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். வாயைத்தான். கல்யாணத்தன்று காலை கோயில் வாசலில் உபதேசியாரிடம் இரண்டு சீட்டுகளைக் கொடுத்தேன். ஒன்றில் மகள் தேர்ந்தெடுத்த கல்யாணப் பாட்டுகளின் எண்கள் மூன்று, எந்தப் பாட்டு என்று எல்லோரும் பார்க்கச் சுவரில் மாட்டும் பலகையில் போடுவதற்கு. மற்றதில் என் குதிரைகள்: ஒன்பது, பதினொன்று, ஆறு. பாட்டுகளைத் தாளில் அச்சடித்துக் கொடுக்கலாம் என்று மகள் சொன்னாள். பலகை இருக்கும்போது அச்சு எதற்கு என்று பெரிய மனுஷனாகத் தடுத்தவன் நான்தான்.

ஆர்கன் தொடங்கியது. என்னடா இது, தாலாட்டு மாதிரி இழுக்கிறதே என்று பலகையைப் பார்த்தேன். ஒன்பது, பதினொன்று, ஆறு. ஐயோ, சீட்டு மாறிப்போச்சு!

எங்கள் பாட்டுப் புத்தகத்தில் முதல் ஆறும் விடியல் பாட்டுகள். ஏழிலிருந்து இரவுப் பாட்டுகள். ஒன்பதாம் பாட்டு, விளக்கை அணைத்துப் படுக்கைக்குப் போகும்போது பாடுவது. காலை பத்து மணிக்கு, மாப்பிள்ளையும் பெண்ணும் முன்னால் நிற்க, முந்நூறு பேர் பக்தியோடு படுக்கைக்குப் போனார்கள். இரண்டாவது சரணத்தில் மாப்பிள்ளை வீட்டு இளவட்டங்கள் குலுங்க ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளையின் காது சிவந்தது. அடுத்து பதினொன்று, நடு இருட்டில் துணை கேட்கும் பாட்டு. மாப்பிள்ளையின் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆறில் பொழுது விடிந்து எல்லோரும் எழுந்துவிட்டோம். போதகர் கல்போல நின்றார். உபதேசியார் தூண் பின்னால் போனவர் திரும்ப வெளியே வரவில்லை.

மகள் மட்டும் தலையைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, நல்லவேளை.

பக்கத்தில் மனைவியைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. போச்சு, நான்கும் சாம்பல்தான். ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் புருவத்தைச் சுருக்கிப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் சாய்ந்தாள்.

“பதினொண்ணையா போட்டீங்க? ஊட்டியில நேத்து நொம்ப மழைங்களே. அது ஈர மண்ணுல ஓடாதுங்க.”

ஜெபத்துக்கு எல்லோரும் உட்கார்ந்த பிறகும் நான் நின்றுகொண்டிருந்தேன். அவள்தான் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

விருந்து முடிந்து சொந்தமெல்லாம் பஸ் ஏறியபின் வீட்டுக்கு வந்தால், வெந்நீர் அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். மடியில் நான்கு புத்தகங்கள். அடுப்பு எரிகிறது.

“போனைத் தாங்க” என்றாள். கொடுத்தேன். பார்த்தாள். ஒன்பது ஜெயித்திருந்தது. ஆறு நான்காவது. பதினொன்று கடைசிக்கு முந்தி. மெலிசான புத்தகத்தைப் பிரித்து, ஈர மண் அத்தியாயத்தில் ஒரு வரியின் கீழே சிவப்புப் பேனாவால் அழுத்திக் கோடு போட்டாள்.

“அப்ப... அந்தச் சிவப்பு மை... முதலாளி இல்லையா?”

“அவருக்கு ஏதுங்க அத்தனை பொறுமை? பாதிப் பக்கம் ஓரம் வெட்டாம ஒட்டிக்கிட்டுல்ல இருந்துச்சு. நீங்க படிக்கறதுக்கு முன்னாடி நாந்தான் கத்தி வெச்சுப் பிரிச்சேன்.”

“எரிக்கப்போறேன்னியே?”

“படிச்சு முடிக்காம எரிப்பனுங்களா?”

எனக்கு வெட்கம் பிடுங்கியது, சிரிப்பும் வந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணும் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் செத்துப்போன மனிதரின் மூளையை ஊரெல்லாம் புகழ்ந்துகொண்டு திரிந்திருக்கிறேன். அந்த மூளை தினமும் எனக்குச் சோறு போட்டுவிட்டு, நான் தூங்கியதும் என் புத்தகத்தைத் திருத்தியிருக்கிறது.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“நீங்க எங்கீங்க கேட்டீங்க?”

அவள் ஒரு துண்டுச் சீட்டில் சிவப்புப் பேனாவால் ஏதோ எழுதி என்னிடம் நீட்டினாள். கோயில் பலகைக்கு அடியில் கிடந்த என் சீட்டை எடுத்து வந்திருக்கிறாள். ஒன்பதுக்கு ஒரு டிக். மற்ற இரண்டுக்கும் பெருக்கல் குறி. கீழே, சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் போடுகிற அதே குண்டு எழுத்தில்: மூன்றுக்கு ஒன்று. பெற்றோர் கையெழுத்து வாங்கி வரவும்.