‘ஏற்கெனவே இருக்கு’ என்று சொல்லும் வேலை

காப்புரிமை தேடித் தருகிற தொழிலில் நல்ல செய்தி சொல்லக் கிடைக்கிற நாள் அபூர்வம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். நானும் ஷமீமாவும் என இரண்டே பேர். புதிதாக ஒரு சாதனம் செய்தவர்கள், காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் எங்களிடம் வருவார்கள். அதே மாதிரி ஒன்றை வேறு யாராவது ஏற்கெனவே செய்திருக்கிறார்களா என்று நாங்கள் தேடிச் சொல்ல வேண்டும். காப்புரிமை ஆவணங்கள் பெரும்பாலும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. யார் வேண்டுமானாலும் தேடலாம். தேடுவது சிரமம், கிடைத்ததைத் தாங்கிக்கொள்வது அதைவிடச் சிரமம். பஸ்ஸில் போகும்போது பளிச்சென்று ஏதோ தோன்றி, வீட்டுக்கு வந்து பார்த்தால் அது கடையிலேயே விற்கிறது என்று தெரிந்து வாடிப்போனவர்தானே நீங்களும்? அப்படியானால் நாம் ஒரே கட்சி. மேலே படியுங்கள்.

பாயின் தேக்ஸா

பூந்தமல்லியில் கல்யாணப் பிரியாணிக்குப் பேர்போன மாஸ்டர் கரீம் பாய். தேக்ஸா என்கிற பெரிய பாத்திரத்திலிருந்து பிரியாணியை மேலிருந்து அள்ளினால் அரிசி உடைகிறது, ஆவியில் கையும் வெந்துபோகிறது. அதற்காக ஒரு இரும்புத் தாங்கி செய்திருந்தார். பக்கத்தில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் பல்சக்கரம் சுழன்று தேக்ஸா மெல்லச் சாயும். விட்ட இடத்தில் அப்படியே நிற்கும். வெளியே யாருக்கும் காட்டாமல் வீட்டுக் கொல்லையிலேயே சோதித்துப் பார்த்திருந்தார். “என் மச்சான் பையன் நெட்ல பிரியாணி, தேக்ஸா, தம் எல்லாம் போட்டுப் பார்த்துட்டான் சார். ஒண்ணுமே வரல” என்றார் சந்தோஷமாக.

பொருளின் பெயரை வைத்துத் தேடினால் இப்படித்தான் ஒன்றும் வராது. அது என்ன வேலை செய்கிறது என்பதை வைத்துத் தேட வேண்டும். ‘சூடான, கனமான பாத்திரம், கையால் சுற்றினால் சாயும், சுற்றாதபோது நகராது’ என்று தேடினோம். ஏதோ ஒரு நாட்டு கேன்டீனில் சூப் காய்ச்சுகிற பாத்திரம் வந்து நின்றது. அந்த ஆவணத்திலேயே தங்களுக்கு முன்னோடி என்று இன்னும் சிலவற்றைக் குறிப்பிட்டிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால், இரும்பை உருக்கி ஊற்றுகிற வார்ப்படப் பட்டறை. படத்தில் பாயின் பல்சக்கரமேதான் இருந்தது. பாய் திரையை நோக்கிக் குனிந்து பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: “இரும்பு காய்ச்சுறவனுக்கும் எனக்கும் என்ன சார் சம்பந்தம்? அவன் ஆக்கினத யாராவது ஒரு வாய் சாப்பிட முடியுமா?”

பச்சைச் சுவர்

கொரட்டூரிலிருந்து வந்த விசாலாட்சி அம்மாவின் கணவர் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. அவரை ஒற்றை ஆளாகப் புரட்டிப் படுக்க வைப்பதற்கு அந்த அம்மா ஒரு துணிப்பட்டை தைத்திருந்தார். கட்டில் கம்பியில் மாட்டி இழுத்தால், இழுத்த அளவில் பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டு மாதிரி எந்த நாட்டு ஆவணத்திலும் இல்லை. தேடத் தேட எங்களுக்கே நம்பிக்கை கூடியது. ஷமீமா கீழே போய் எல்லோருக்கும் சமோசா வாங்கி வந்தாள்.

காப்புரிமைகளைப் பார்த்து முடித்தாலும் வேலை முடியாது. விற்பனைப் பட்டியல், பத்திரிகை, வீடியோ என்று வெளியே கிடக்கிற எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். ஷமீமா தமிழிலும் தேடினாள். முதலில் வந்ததே ஒரு வீடியோ. பச்சைச் சுவர், இரும்புக் கட்டில், பட்டையை இழுக்கிற வளையல் போட்ட கைகள். “அது எங்க ரூமுங்க” என்றார் அந்த அம்மா. மகள் எப்போதோ எடுத்துப் போட்டது. விண்ணப்பிக்கும் முன் ஊரறிய வெளியிட்டுவிட்டால் அது புதிது இல்லை, வெளியிட்டது நாமாகவே இருந்தாலும் சரி. அழித்துவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டார். ஆகாது என்று சொன்னேன்.

வீடியோவின் கீழே முன்பின் தெரியாதவர்கள் எழுதியிருந்ததைப் படிக்கச் சொன்னார். ஷமீமா படித்தாள். ‘எங்க அம்மாவுக்கு இதே மாதிரி தெச்சுக்கிட்டோம், நீங்க நல்லா இருக்கணும்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். விசாலாட்சி அம்மா சிரிக்கவும் செய்தார், கண்ணைத் துடைக்கவும் செய்தார். “நாலு பேருக்கு உதவட்டும்னுதானே போட்டோம். அதுவே எனக்கு எதிர்சாட்சியா வந்து நிக்குதே தம்பி!”

கண்ணுக்குத் தெரியாத ஒன்றரை வருடம்

எவ்வளவு கவனமாகத் தேடினாலும் ஒரு இருட்டு மூலை உண்டு. ஒருவர் போட்ட விண்ணப்பம் சாதாரணமாக ஒன்றரை வருடம் கழித்துத்தான் வெளியாகும். அதுவரை எங்கள் கண்ணில் படாது. ஆவடி சேக்காட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் முருகேசனிடமும் இதைச் சொல்லியிருந்தேன். வளைந்த குழாயை நழுவாமல் பிடிக்கும் ஒரு பிடிப்பானை அவர் செய்திருந்தார். தேடியவரை எதுவும் இல்லை. விண்ணப்பமும் போட்டாயிற்று. பிறகொரு நாள், அவருக்குச் சில வாரங்கள் முன்னதாகவே போடப்பட்ட இன்னொரு விண்ணப்பம் வெளியானது. அதே பிடிப்பான்தான். கண்டுபிடித்தவர் பெயர் டில்லிபாபு. முருகேசனின் சிநேகிதர். தினமும் பட்டறைக்கு வந்து, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வேலையை வேடிக்கை பார்த்தவர். உங்களிடமிருந்து எடுத்தது என்று நிரூபிக்க முடிந்தால் எதிர்க்க வழி இருக்கிறது, சட்டம் இடம் கொடுக்கிறது என்று எடுத்துச் சொன்னேன். முருகேசன் வேண்டாம் என்று தலையாட்டினார். “எதிர்த்தா கெலிச்சுடலாம் சார். அப்பால நான் யாராண்ட ஒக்காந்து டீ குட்ச்சிகினு பேசறது?”

தனசேகரின் தடுப்பு

தனசேகரும் அவர் மனைவி கலைவாணியும் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார்கள். பெட்டிக்குள் ஒரு சக்கரத் தடுப்பு. பைக்கின் பின்னால் ஆள் உட்கார்ந்தவுடன் சக்கரத்தின் பக்கவாட்டை முழுதாக மூடிக்கொள்ளும், இறங்கினால் மடங்கிக்கொள்ளும். தனசேகரின் தங்கை, அவர் ஓட்டிய வண்டியிலிருந்துதான் விழுந்தாள். துப்பட்டா சக்கரத்தில் சிக்கிவிட்டது. திருவேற்காடு கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் நடந்தது அது. பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு அவருக்கு இந்தத் தடுப்பைத் தவிர வேறு நினைப்பு இல்லை. தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் வேலையை விட்டார். தடுப்பை அடித்தெடுக்க இரும்பு அச்சு செய்வித்தார். விற்பதற்குப் பெட்டிகூட அச்சிட்டாயிற்று. பெட்டியில் தங்கையின் பெயர் இருந்தது.

இவ்வளவையும் முடித்துவிட்டுத்தான் தேட வந்திருந்தார்கள். முதல் படம் வரையும்போதே வந்திருக்க வேண்டும். கலைவாணி காபியைக் குடித்து முடிக்கும் முன்பே எனக்குக் கிடைத்துவிட்டது. எங்கோ குளிர்ப்பிரதேசத்து நாட்டில் பதிவானது. அதே கீல், அதே ஸ்பிரிங். இருக்கையின் அழுத்தத்தை வாங்கும் இடம்கூட அதேதான். எந்த நாட்டில் வெளியாகியிருந்தாலும் இங்கே அது புதிது இல்லை. திரையை அவர்கள் பக்கம் திருப்ப எனக்கு மனம் வரவில்லை. ஷமீமாதான் எழுந்து வந்து திருப்பினாள்.

கலைவாணி பொங்கிவிட்டார். “இத மொதல்லயே பாக்கணும்னு யாருங்க எங்களுக்குச் சொன்னாங்க? அச்சு செஞ்சவன் சொன்னானா, பொட்டி அடிச்சவன் சொன்னானா?” என்று என்னைப் பார்த்தே கேட்டார். இந்தியாவில் அவர்கள் பதிவு செய்யவில்லை என்றால் நீங்கள் இங்கே செய்து விற்கத் தடை இருக்காது, அதைத் தனியாகப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். ஒரு பகுதியை மாற்றி அமைத்தால் அந்த மாற்றத்துக்காவது முயலலாம் என்றும் சொன்னேன். தனசேகர் எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. படத்தின் கீழே இருந்த வெளிநாட்டுப் பெயரையே விரலால் தடவிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: “அந்த ஊர்ல துப்பட்டால்லாம் போட மாட்டாங்களே சார்… அவருக்கு யார் விழுந்திருப்பாங்க?”

ஒற்றைக் கயிறு

குமணன்சாவடி ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஏழுமலை ஒரு கயிற்றுச் சுருளோடு வந்தார். டிரைவர் சீட்டிலிருந்து ஒரே இழுப்பு, ஆட்டோவின் இரண்டு பக்கமும் மழைக்கான தார்ப்பாய் இறங்கிவிடும். ஷமீமா தேடியதில் குதிரை வண்டிக்காக யாரோ எழுதிவைத்த பழைய காப்புரிமை கிடைத்தது. ஏழுமலையின் முகம் விழுந்துவிட்டது. காலம் முடிந்துபோன காப்புரிமையில் உள்ளதை யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை, ஆனால் உங்கள் பெயரில் பதிவு செய்ய முடியாது என்று விளக்கினேன். ஊருக்குப் பெயர் தெரிய வேண்டும் என்ற ஆசை அவருக்கு நிறையவே இருந்திருக்கும். கயிற்றை மறுபடி சுற்றித் தோளில் மாட்டிக்கொண்டார். அப்புறம் எழுந்தார். “உடு அண்ணாத்தே. மயைல ஏர்ற சவாரி, இத்த யாரு கண்டுபுட்ச்சான்னு கேட்டுகினா ஏறப்போவுது?”

ஆக மொத்தத்தில், புதியதைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று மாடியேறி வருகிறவர்களுக்குப் பழையதைக் கண்டுபிடித்துக் கொடுத்து அனுப்புவதுதான் எங்கள் பிழைப்பு.