‘வில்’லுக்குப் பிறகு வர வேண்டிய சொல்

எங்கள் மாடிக் குடியிருப்பின் லிஃப்டில் போன கிழமை ஒரு புது அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். ‘யூ மஸ்ட் த டோர் ஸ்லோலி’ என்று தடித்த ஆங்கில எழுத்தில். கதவை மெதுவாக என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதியவர் விட்டுவிட்டார். சாத்த வேண்டும் என்று எல்லோருக்கும் விளங்கித்தான் இருக்கிறது. யாரும் அதை இரண்டாம் தரம் பார்க்கவில்லை. எனக்குத்தான் கை சும்மா இருக்காது. கைப்பையைக் கிளறிப் பேனையை எடுத்து, நடுவில் ‘குளோஸ்’ என்று செருகிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்றும் விடாத வியாதி இது. என்னோடு லிஃப்டில் வந்த பெண் சற்றுத் தள்ளி நின்றுகொண்டாள்.

இந்த வியாதி எனக்கு வெள்ளவத்தையில்தான் தொற்றியது. கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் பேக்கரி, அதற்கு மேல்மாடியில் நான் படிப்பித்த இங்கிலீஷ் வகுப்பு. பின்னேரம் கீழே மீன் அடைத்த மாலு பாண் வேகும். மீனும் மிளகும் சேர்ந்த அந்த வாசம் படியேறி வந்து வகுப்பில் உட்கார்ந்துகொள்ளும். இன்றைக்கும் எந்தக் கடையில் மாலு பாண் வாசம் வந்தாலும் எனக்குப் பசிப்பதில்லை. ‘கேன், மே, மஸ்ட், வில்’ என்றுதான் மனது ஒப்பிக்கத் தொடங்கும். கடலோரமாக ரயில் போகும்போது யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. அது போய் முடியும்வரை எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்போம்.

நான் கொட்டாஞ்சேனைக்காரி. அப்பா துறைமுகத்தில் கிளார்க். கான்வென்ட் இங்கிலீஷ் ஒன்றுதான் என் சொத்து. வயது இருபத்துமூன்று, படிக்க வந்தவர்களில் பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். போர் நடந்த காலம். வடக்கிலிருந்து வந்து லொட்ஜ் அறைகளில் விசாவுக்காகக் காத்திருந்தவர்கள்தான் அநேகம். நான் அவர்களுடைய இங்கிலீஷைத் திருத்த, அவர்கள் என் தமிழைப் பார்த்துச் சிரிப்பார்கள். “டீச்சருக்குத் தமிழ் வகுப்பு நாங்கள் வைக்கோணும்” என்று சொல்லாத ஆள் இல்லை.

எல்லோரும் விட்ட பிழை ஒன்றுதான். கனடா மாப்பிள்ளைக்கு நிச்சயமான ஒரு பிள்ளை எழுந்து நின்று, “ஐ வில் டொரொண்டோ” என்பாள். “டொரொண்டோவை என்ன செய்யப் போறீங்க?” என்று நான் கேட்பேன். வகுப்பே சிரிக்கும். அவர்களையும் குறை சொல்ல முடியாது. தமிழில் ‘போவேன்’, ‘போகலாம்’, ‘போகவேணும்’ எல்லாம் ஒட்டிப் பிறந்தவை. வினையை ஒரு பக்கமும் விருப்பத்தை ஒரு பக்கமுமாகப் பிரித்து வைக்கச் சொன்னால் ஏதாவது ஒன்று கைதவறத்தானே செய்யும்?

அந்த வகுப்பில் விசாவுக்காக இல்லாமல் இங்கிலீஷ் படிக்க வந்தவர் புவனக்கா ஒருவர்தான். அவருடைய கணவர் கொட்டாஞ்சேனையில் அறை எடுத்துத் தங்கி, ஒரு இரும்புக்கடையில் வேலை பார்த்தவர். ஒருநாள் காலையில் கடைக்கென்று வெளிக்கிட்டவர் கடைக்கும் போகவில்லை, அறைக்கும் திரும்பவில்லை. தேடிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து புவனக்கா வந்தார். மகளைத் தாயிடம் விட்டுவிட்டு, வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் இருந்தபடி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்.

காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்கும் வெளிநாட்டு அலுவலகம் ஒன்றில், ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி உறவினர்கள் சொல்வதைக் கேட்பாராம். நடுவில் மொழிபெயர்க்க ஒருவர் இருந்தார்.

“நான் கனநேரம் கதைக்கிறன் டீச்சர்” என்றார் புவனக்கா, முதல்நாள் என்னிடம் வந்தபோது. “அந்தத் தம்பி ரெண்டு வசனத்தில முடிச்சிடுறார். மிச்சம் எங்க போகுதெண்டு தெரியேல்லை. நானே கதைக்கோணும். அவ்வளவுக்குப் படிப்பிச்சு விட்டாக் காணும்.”

வகுப்பில் அவர் முதன்முதலாக எழுந்து சொன்ன வசனம், “மை ஹஸ்பண்ட் மே அலைவ்.”

யாரும் சிரிக்கவில்லை.

“அக்கா, ‘மே’க்குப் பிறகு ஒரு ‘பி’ வரணும். ஹீ மே பி அலைவ்” என்றேன்.

“பி எண்டா?”

“இருக்கிறது.”

“அவர் உயிரோட எண்டு சொன்னாக் காணாதோ?”

“தமிழ்ல காணும் அக்கா. இங்கிலீஷ்ல ‘இருக்கிறது’ன்னு தனியா ஒரு சொல் வைக்கணும்.”

அவர் சொல்லிப் பார்க்கத் தொடங்கியபோது ரயில் வந்துவிட்டது. சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்துகொண்டே இருந்தன.

‘மே’ என்றால் இருக்கலாம், ‘மஸ்ட்’ என்றால் நிச்சயம் இருக்க வேண்டும் என்று அடுத்த வகுப்பில் விளக்கினேன். “அப்ப எனக்கு மே வேண்டாம். மஸ்ட்தான் வேணும்” என்றார் புவனக்கா.

“மஸ்ட்னு சொன்னா ஏன்னு காரணம் கேப்பாங்களே அக்கா.”

“காரணம் இருக்கு. அவர் எனக்குச் சொல்லாமல் ஒரு தேத்தண்ணி குடிக்கவும் போகாத ஆள். சொல்லாமல் சாவாரோ?”

புத்தகத்தில் அதற்கு அடுத்த பாடம், இறந்தகாலத்தைப் பற்றி ஊகிக்கும் ‘மஸ்ட் ஹாவ்’. இறந்திருக்க வேண்டும், போயிருக்க வேண்டும் என்று உதாரணங்கள். அந்தப் பாடத்தை நான் அந்த வகுப்புக்கு நடத்தவேயில்லை. ஏன் பக்கத்தைத் தள்ளினீர்கள் என்று ஒருவரும் கேட்கவுமில்லை.

பல கிழமை பாடுபட்டுப் பழகிய பிறகு ஒருநாள் அவர் அந்த அலுவலகத்துக்குப் போனார். வகுப்பே அவருக்காகக் காத்திருந்தது. டொரொண்டோப் பிள்ளை ஜன்னலடியில் நின்று ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புவனக்கா எல்லோருக்குமாக ஒரு பை நிறைய மாலு பாண் வாங்கிக்கொண்டு படியேறி வந்தார். முகம் சிவந்திருந்தது.

“முழுக்க நானே கதைச்சனான். அந்தத் தம்பி சும்மா இருந்தவர்” என்றார். பிறகு என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். “ஒண்டு கேக்கோணும் டீச்சர். கடைசியில நான், ‘வில் யூ ஃபைண்ட் ஹிம்’ எண்டு கேட்டனான். சரிதானே?”

“ரொம்பச் சரி.”

“அந்த அம்மா என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு ‘வீ வில்’ எண்டவ. அவ்வளவுதான். அதுக்குப் பிறகு ஒண்டும் சொல்லேல்லை. வில்லுக்குப் பிறகு வினை வரோணும் எண்டுதானே படிப்பிச்சனீங்கள்?”

பதில் சொல்லும்போது அப்படி விடலாம், கேள்வியில் இருந்த வினையே பதிலுக்கும் சேரும் என்று சொன்னேன்.

“அப்ப, கண்டுபிடிப்பம் எண்டுதானே சொன்னவ?”

இலக்கணப்படி அதுதான். மறுக்க வழியில்லை. “அதுதான் அக்கா. ஆனா முயற்சி செய்றோம்னு நினைச்சும் சொல்லியிருக்கலாம். ஆறுதலுக்கு அப்படிச் சொல்றது வழக்கம்.”

“நான் முயற்சியைப் பற்றிக் கேக்கேல்லையே டீச்சர்” என்றார் அவர். எல்லோருக்கும் மாலு பாணைப் பகிர்ந்து கொடுத்தார். வேகவேகமாகத் தானும் ஒன்றைச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அவர் வகுப்புக்கு வரவில்லை. தேவை முடிந்துவிட்டதே. லொட்ஜில் பொலிஸ் பதிவு, சோதனை என்று தொந்தரவு கூடிப்போனதால், ஹெந்தளையில் ஒரு சொந்தக்காரர் வீட்டு அறைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். டொரொண்டோப் பிள்ளையும் பறந்துவிட்டாள். பிறகு நானும் ஒரு பாடசாலையில் வேலை கிடைத்துப் போய்விட்டேன்.

போர் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு, களுபோவில ஆஸ்பத்திரிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தபோது, காத்திருக்கும் இடத்து வாங்கில் என் பக்கத்தில் இருந்த மெலிந்த பெண் “டீச்சர்” என்றார். குரலை வைத்துத்தான் புவனக்கா என்று கண்டுபிடித்தேன். நெஞ்சு வருத்தத்துக்கு மருந்தெடுக்க வந்தாராம்.

“அந்த வெள்ளைக்கார அம்மா தன்ர நாட்டுக்குப் போயிட்டாவாம். அடுத்து வந்தவரும் மாறிட்டார். இப்ப அங்க வேலை செய்யிற பிள்ளைக்கு நான் முதலில இருந்து சொல்லோணும்” என்றார். பிறகு, “மரணச் சான்றிதழ் எடுத்திட்டன் டீச்சர்” என்றார்.

நான் அம்மாவின் கிளினிக் அட்டையை மடியில் வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

“மகளின்ர அலுவலுக்குத் தகப்பன்ர பத்திரம் வேணுமெண்டிட்டாங்கள். எனக்கும் உடம்பு ஏலாது. அவளையும் எத்தினை வருசத்துக்கு மறிச்சு வைக்கிறது? எடுத்த அண்டைக்கு வீட்டில அடுப்பு மூட்டேல்லை.”

நெற்றியில் பொட்டு அப்படியே இருந்தது. அதை நான் பார்த்ததை அவரும் பார்த்தார். “இது வேற, அது வேற” என்றார். அதற்குள் அவருடைய நம்பரைக் கூப்பிட்டார்கள். என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு எழுந்து போனார். நாங்கள் கடைசியாகச் சந்தித்தது அதுதான்.

இப்போது அந்த ஒழுங்கையில் பேக்கரி இல்லை. அது இருந்த இடத்தில் பன்னிரண்டு மாடி நிற்கிறது. கீழே முழுவதும் கார்கள். லொட்ஜுகள் கல்யாண மண்டபமாகவும் மருந்தகமாகவும் மாறிவிட்டன. வகுப்புப் பிள்ளைகளில் ஒருவர்கூட இந்த ஊரில் இல்லை.

இரண்டு மாதத்துக்கு முன் வெளிநாட்டு நம்பரில் இருந்து ஒரு பெண் பேசினாள். புவனக்காவின் மகள். அம்மா தவறிவிட்டார் என்று சொன்னாள். தாயின் போனில் ‘இங்கிலீஷ் டீச்சர்’ என்று என் பெயர் இருந்ததாம்.

“வெளிநாடு வர ஆசைப்பட்டுத்தான் அம்மா இங்கிலீஷ் படிச்சவ எண்டு நினைச்சனான். கடைசி வரைக்கும் இங்க வரமாட்டன் எண்டிட்டா. பிறகேன் படிச்சவ?”

அவளுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. அந்த அலுவலகம், மொழிபெயர்ப்பாளரைச் சும்மா இருக்க வைத்தது, கடைசியில் கேட்ட கேள்வி, அதற்குக் கிடைத்த பதில் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அம்மா இங்கிலீஷில கதைச்சு நான் ஒருநாளும் கேக்கேல்லை. அந்தக் கேள்வியை அம்மா எப்பிடிக் கேட்டவ? அவ சொன்ன மாதிரியே ஒருக்காச் சொல்லுங்கோ ஆன்ட்டி” என்றாள்.

நான் சொல்லிப் பார்த்தேன். ‘வில்’லை அவர் கொஞ்சம் இழுத்துச் சொல்வார், கடைசிச் சொல்லில் மூச்சு முடிந்துவிடும். மூன்று தரம் சொல்லியும் அது வரவில்லை. என் வாயிலிருந்து வந்தது வெறும் பாடப்புத்தக வசனம், ஒரு பிழையும் இல்லாமல்.